தேக்கடி வொர்த்தா? மூணு பேர், மூணு பதில்

போன மாசம் ஆபீஸ்ல மதியம் சாப்பிடும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு வருது, தேக்கடி போலாமா?" அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் ஆறிப்போற அளவுக்கு சண்டை.

என் டீம்ல இருக்கிற ஒருத்தர் சொன்னார்: "வேஸ்ட்டு ப்ரோ. ஒன்றரை மணி நேரம் படகுல உட்கார்ந்து நாலு மானும் ரெண்டு காட்டுப்பன்னியும் பார்த்தேன்." டெஸ்டிங் டீம் அக்கா ஒருத்தங்க உடனே, "நான் போன காடுகள்லயே நல்ல காடு அதுதான். இன்னொரு தடவை கூப்பிட்டாலும் வருவேன்"னு சொன்னாங்க.

ரெண்டு பேருமே பொய் சொல்றவங்க இல்ல. நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். முதல் தடவை அவர் கட்சி, ரெண்டாவது தடவை அக்கா கட்சி. ஒரே இடம் எப்படி இப்படி ரெண்டு பதில் தருது? இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, இது என்ன இடம்?

தேனி மாவட்டத்துல கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்ல இருந்து மலை ஏறினா குமுளி. தமிழ்நாட்டு பஸ்ல இறங்கி நாலு எட்டு நடந்தா கேரளா. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல பெரியார் புலிகள் காப்பகம். மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். 1978-ல் புலிகள் காப்பகம் ஆச்சு, 1982-ல் உள்பகுதி தேசிய பூங்கா ஆச்சு. சபரிமலை கோயில் இருக்கிறதும் இதே காப்பகத்துக்குள்ளதான்.

நாம போட்டோவுல பார்க்கிற தேக்கடி ஏரி சுமார் 26 சதுர கிலோமீட்டர். அது இயற்கையான ஏரி இல்ல. பென்னிகுயிக் கட்டின முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிஞ்சப்போ, தண்ணி தேங்கி ஒரு காட்டுப் பள்ளத்தாக்கே மூழ்கிடுச்சு. தண்ணிக்கு நடுவுல கறுப்பா நிக்குதே பட்ட மரங்கள், அது அந்தப் பழைய காடுதான். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் நிக்குது. இப்போ நீர்க்காகங்கள் அதுல உட்கார்ந்து சிறகு காயவைக்குது.

படகு ஏன் சிலரை ஏமாத்துது?

பெரும்பாலானவங்களுக்கு தேக்கடின்னா படகுதான். நான் முதல்ல போனது ஒரு அக்டோபர் மாசம், அப்பா அம்மாவோட, மத்தியான படகுல. அது மொத்தமும் என் பிளானிங் தப்பு. ஏன்னு சொல்றேன்.

முதல் காரணம், மாசம். மழைக்காலத்துல காட்டுக்குள்ள எல்லா ஓடையிலும் தண்ணி இருக்கும். அப்புறம் யானை எதுக்கு ஏரிக்கரைக்கு வரணும்? மார்ச்சுல இருந்து மே வரைக்கும் உள்ள ஓடைகள் வத்தும், ஏரியும் சுருங்கும், கரையில புது புல் முளைக்கும். யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் வெளிய வர்றது அப்போதான்.

ரெண்டாவது, காட்டோட வகை. ராஜஸ்தான்ல ரந்தம்போர் மாதிரி இடங்கள் வறண்ட இலையுதிர் காடு. வெயில் காலத்துல இலை கொட்டிடும், ரொம்ப தூரம் வரைக்கும் கண்ணு போகும், ஜீப் பாதையும் இருக்கு. பெரியாறு பெரும்பாலும் பசுமைமாறாக் காடு. பத்தடி தள்ளி ஒரு யானை நின்னாக்கூட தெரியாது. புலி பார்க்கணும்னு மட்டும் இங்க வந்தா கிட்டத்தட்ட ஏமாற்றம்தான். அது காட்டோட குறை இல்ல, அந்தக் காடே அப்படி.

மூணாவது, நாம. எங்க படகுல தூரத்துல ஏதோ அசைஞ்சதும் "யானை யானை"ன்னு ஒரே கூச்சல். நானும்தான் கத்தினேன். கடைசியில அது ஒரு பாறை. இது சிரிச்சுட்டுப் போற விஷயம் மட்டும் இல்ல. 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில ஜலகன்யகாங்கிற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. மிருகத்தைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணமா அப்போ பேசப்பட்டுச்சு, படகோட கட்டுமானத்தைப் பத்தியும் கேள்விகள் வந்துச்சு. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க, சீட்டை விட்டு எழுந்திருக்காதீங்கன்னு சொன்னா தயவுசெஞ்சு கேளுங்க.

அதே படகுல இன்னொரு பதில்

நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல அப்பா தண்ணியையே பார்த்துட்டு இருந்தார். எங்களுக்கு சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். இந்த ஏரித் தண்ணி சுரங்கம் வழியா மலையைத் தாண்டி இறங்கித்தான் எங்க கம்பம் பள்ளத்தாக்குல இருபோகம் நெல் விளையுது, மீதி வைகைக்குப் போகுது. அப்பா வயசுக்கும் அந்தத் தண்ணியைப் பாய்ச்சினவர், அது தேங்கி நிக்கிற இடத்தை உள்ள வந்து பார்த்தது அன்னிக்குத்தான். இறங்கும்போது, "நல்லா நிறைஞ்சிருக்குடா, ரெண்டாம் போகத்துக்குக் கவலை இல்ல"ன்னார். அவருக்கு அது ஃபைவ் ஸ்டார் ட்ரிப். நான் ஒண்ணு குடுத்திருப்பேன்.

எஞ்சினியரா யோசிச்சா பிரச்சினை இங்கதான் இருக்கு. ஒருத்தர் அஞ்சு ஸ்டார், ஒருத்தர் ஒரு ஸ்டார், சராசரி மூணு. ஆனா மூணு ஸ்டார் அனுபவம் அந்தப் படகுல யாருக்குமே கிடைக்கல.

நடந்து போனா வேற காடு

ரெண்டாவது தடவை ஒரு பிப்ரவரி மாசம், ஃப்ரெண்ட்ஸோட மூங்கில் தெப்பப் பயணம். காலையில கிளம்பி காட்டுக்குள்ள நடந்து, தெப்பத்துல துடுப்பு போட்டு, சாயங்காலம் திரும்பி வரணும். சின்னக் குழு, கூடவே வழிகாட்டிகளும் துப்பாக்கியோட ஒரு காவலரும்.

இதை நடத்துறவங்க கதை முக்கியம். அந்தக் காட்டுல வயணைன்னு ஒரு மரம், பட்டைக்கு லவங்கப்பட்டை மாதிரி வாசனை. முன்னாடி அதைத் திருட்டுத்தனமா உரிச்சு வித்தவங்கள்ல இருபது சொச்சம் பேர், 1990-களோட பிற்பகுதியில வனத்துறையோட ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. பட்டை உரிக்கிறதை விட்டுட்டு, காட்டைக் காவல் காக்கவும் பயணிகளைக் கூட்டிப்போகவும் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவா மாறினாங்க. காட்டோட ஒவ்வொரு தடமும் அவங்களுக்குத் தெரியும்.

எங்களோட வந்த அண்ணன்கிட்ட "முன்னாடி வேலை ஈஸியா, இது ஈஸியாண்ணே?"ன்னு கேட்டேன். "அப்போ யானையைக் கண்டாலும் ஓடணும், ஃபாரஸ்ட்காரங்களைக் கண்டாலும் ஓடணும். இப்போ யானைக்கு மட்டும்தான். என்ன, உங்களையும் இழுத்துக்கிட்டு ஓடணும்"னார்.

அன்னிக்குப் பார்த்தது என்ன? ஒரு மலை அணில், தலைக்கு மேல ஒரு இருவாச்சி, கரையில மீனோட ஒரு நீர்நாய்க் கூட்டம், ஆவி பறக்கிற யானைச் சாணம். எதிர்க்கரையில யானைகள், கொஞ்ச நேரம்தான். லிஸ்ட் போட்டா படகுல அவர் பார்த்ததை விடப் பெருசா ஒண்ணும் அதிகம் இல்ல. ஆனா நடக்கும்போது சாணியே ஒரு செய்தி. எவ்வளவு சூடா இருக்கு, எந்தப் பக்கம் போயிருக்குன்னு அண்ணன் படிச்சுச் சொல்லும்போது நாமளும் காட்டுக்குள்ள ஒரு ஆளா இருக்கோம்.

இதுக்கும் நியாயமான எதிர்வாதம் உண்டு. நாள் முழுக்க நடக்கிறது எங்க அம்மா முட்டிக்கு முடியாது. காசும் படகை விட நல்லாவே அதிகம். வயசானவங்களுக்கும் கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கும் படகுதான் வழி. அப்போ ஏப்ரல் மாதிரி ஒரு மாசத்துல, நாளோட முதல் படகைப் பிடிங்க.

அப்போ வொர்த்தா?

கேள்வியை மாத்திக் கேளுங்க. எந்த மாசம்? படகா, நடையா? எதைப் பார்க்கப் போறோம்? "புலி" மட்டும்தான் பதில்னா வேற காட்டுக்குப் போங்க, அதுல தப்பே இல்ல. ஆனா மிருகம் காட்டலன்னு தேக்கடியைத் திட்டாதீங்க. கேரண்டியா காட்டணும்னு எல்லாரும் கேட்க ஆரம்பிச்சா, இன்னும் கொஞ்சம் ரோடு, இன்னும் கொஞ்சம் வண்டின்னுதான் போய் முடியும். நடைப் பயணத்துக்கு ஆள் வந்தாத்தான் அந்த அண்ணன்மாருக்கு காட்டைக் காக்குற வேலையும் நிக்கும்.

சாப்பாட்டு டேபிள் சண்டை இன்னும் முடியல. ஆனா "வேஸ்ட்டு"ன்னு சொன்னவர் நேத்து வந்து, "அந்தத் தெப்பம் எப்படி புக் பண்றது?"ன்னு கேட்டார். மார்ச்சுல போறோம். அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார், ஆனா அவர் படகுலதான் வருவாராம். போயிட்டு வந்து சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.