மணலுக்கு மணலே காவல்

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கிறது என்று நினைத்திருக்கிறீர்களா? அப்படி இல்லை. பாறைக்குள், பல இடங்களில் மணல் துகள்களின் இடுக்குகளில், அது ஒளிந்திருக்கிறது. சில மணற்பாறைகள் சரியாக இறுகாமல் பொலபொலவென்று இருக்கும். அங்கே கிணறு தோண்டி எண்ணெயோ எரிவாயுவோ எடுத்தால், கூடவே மணலும் கிளம்பி வரும்.

மணல்தானே, வந்துவிட்டுப் போகட்டுமே? அங்கேதான் வம்பு. வேகமாகப் பாயும் எரிவாயு, குழாய் வளையும் இடத்தில் திரும்பிவிடும். அதில் வரும் மணலால் சட்டென்று திரும்ப முடியாது. நேரே போய்ச் சுவரில் மோதும். மோதி மோதியே இரும்பில் ஓட்டை போட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அரிப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடும். வேகம் குறைந்தாலோ, மணல் கிணற்றுக்குள்ளேயே படிந்து வழியை அடைக்கும். காக்கிநாடாவுக்கு அப்பால், வங்கக் கடலில் உள்ள கேஜி-டி6 என்ற எரிவாயு வயலில் 2009இல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே தண்ணீரும் மணலும் புகுந்து, அங்கே பல கிணறுகளை மூட வேண்டிவந்தது.

இதைத் தடுக்க, கிணற்றுக்குள் சல்லடைக் குழாயை இறக்கி, அதைச் சுற்றிப் பருமணலை நிரப்புவார்கள். இதற்குப் பெயர் ‘கிராவல் பேக்’. பருமணல் ரொம்பப் பெரிதாக இருந்தால் பாறை மணல் நழுவி வந்துவிடும்; ரொம்பச் சின்னதாக இருந்தால் எண்ணெய் வரத் திணறும். பாறை மணலைப்போல் 5 முதல் 6 மடங்கு பருமன் இருந்தால் சரி என்று 1974இல் சாசியர் என்பவர் சோதனை செய்து சொன்னார். காரணம் எளிது: உருண்டைகளை நெருக்கி அடுக்கினால், நடுவில் விழும் இடுக்கு ஓர் உருண்டையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். பாறை மணல் அங்கே வந்து மாட்டிக்கொள்ளும். எண்ணெய் மட்டும் நழுவிப் போய்விடும்.

குழாயின் வெளியே ஒலி உணரிகளையும் பொருத்துகிறார்கள். உள்ளே மணல் மோதும் சத்தம் அதிகமானால், வால்வைத் திருகி வேகத்தைக் குறைப்பார்கள்.

இடுக்கைவிடச் சின்ன மணலும் சில நேரம் நின்றுவிடுமே, அது எப்படி? நீங்களே பார்க்கலாம். தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டுங்கள். இரண்டு கொண்டைக்கடலை சேர்ந்து நுழையும் அளவுக்கு நுனியில் ஓட்டை விட்டு, ஒரு கைப்பிடிக் கடலையை உள்ளே கொட்டுங்கள். கடலைகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். எத்தனை கடலை அகலத்தில் தடையில்லாமல் கொட்டுகிறது என்று நோட்டில் குறித்துவையுங்கள்!