இத்தாலியப் பெயர்களும் தமிழ் வழக்கும்

வேற்றுமொழிப் பெயர்கள் தமிழில் வழங்குங்கால் இரு நெறிகளில் அமைகின்றன. ஒலியைத் தழுவி அமைவது ஒன்று. பொருளைப் பெயர்த்து அமைவது மற்றொன்று. இவ்விரு நெறிகளுக்கும் இத்தாலியப் பெயர்கள் தக்க சான்றாகின்றன.

1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவரின் இயற்பெயர் கொஸ்தான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி என்பதாகும். 'கொஸ்தான்ஸோ' என்பது மனவுறுதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. முனிவர் முதற்கண் தைரியநாதர் என வழங்கப்பெற்றது அப்பொருளோடு பொருந்துவதாகும். 'ஜுசெப்பே' என்பதோ எபிரேய மொழியின் யோசேப்பே. நம் இல்லங்களில் யூசுப் என்றும், கிறித்தவ இல்லங்களில் சூசை என்றும் அழைக்கப்பெறுவது இப்பெயரே. 'இறைவன் மேலும் பெருக்குவான்' என்னும் அதன் பொருளுக்கேற்பத் தேம்பாவணிக் காப்பியத் தலைவனை முனிவர் 'வளன்' என்றார். தம் பெயரின் ஒரு பகுதியையே அவர் தமிழாக்கினார் எனலாம்.

இனி ஒலிப்புமுறையை நோக்குவோம். உரோமன் எழுத்தாகிய 'சி', இகர எகர ஒலிகளின் முன் சகரமாக ஒலிக்கும். லுச்சீயா என்பது காண்க. இடையே 'எச்' வரின் ககரமாகும். மிகேலே என்பது காண்க. ஆதலின் முனிவரின் குடும்பப் பெயரைப் 'பெஷி' எனல் பிழை. 'பெஸ்கி' என்பதே செம்மை. இரட்டித்த மெய்யை நம் 'பட்டு', 'பத்து' போல அழுத்தி ஒலித்தல் வேண்டும். ஜொவான்னி, அன்னா என்பன அவ்வாறு வரும். ஓகார ஈறு பெரும்பாலும் ஆண்பாலையும் ஆகார ஈறு பெண்பாலையும் உணர்த்தும். எனினும் அந்த்ரேயா, லூக்கா ஆகியன ஆண்பெயர்களே.

பொருள்வழிப் பெயர்கள் பின்னும் சுவையுடையன. 'சிறியவர்' எனப் பொருள்படும் பாவோலோ தமிழில் சின்னப்பர் ஆனார். இறையருளைச் சுட்டும் ஜொவான்னி அருளப்பர் ஆனார். பாறையெனப் பொருள்படும் பியேத்ரோ இராயப்பர் ஆனார். மேகமலையடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இராயப்பன்பட்டி என்னும் ஊர்ப்பெயர் பழக்கமானதன்றோ!

இப்பள்ளத்தாக்கின் வகுப்பறைகளில் யூசுப்பும் சூசையும் அருகருகே அமர்ந்து பயிலுதல் இயல்பு. இருவர் பெயரும் ஒரே வேரின என்பதை இருவருமே அறியாதிருத்தல் கூடும். ஆங்கில எழுத்தின் வழியாகவே பெயர்களைப் படித்துப் பழகிய நாம், பிறர் பெயரைச் சிதைப்பதோடு நம் பெயரின் பொருளையும் மறந்து வருகிறோம். ஒருவர் பெயரை எவ்வாறு ஒலிப்பது என அவரிடமே கேட்டறிதல் நாணத்தக்கதன்று. அஃது அவர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை. அதன் பொருளையும் உடன் கேட்போமாயின், அயலார் எனக் கருதியவர் உறவினராகத் தோன்றுதல் உறுதி.