கொதிக்கும் எஞ்சினும் கிணற்று நீரும்

கற்பிட்டியிலிருந்து மரக்கறியும் மீனும் ஏற்றிப் பாலாவிச் சந்தியை நோக்கி வரும் லொறிகளில் ஏதேனும் ஒன்று, உச்சி வெயிலில் முகப்பைத் திறந்தபடி வீதியோரத்தில் நிற்பதுண்டு. அவ்வேளையில் சாரதியின் நினைவுக்கு முதலில் வருவது அண்டையிலுள்ள கிணறே. அக்கிணற்று நீர் அன்றைய இடரைத் தீர்க்கலாம். ஆயினும், பின்னொரு நாளின் இடருக்கு அதுவே வித்தாகிவிடும்.

இதற்குக் காரணம் நிலத்தின் இயல்பாகும். யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரை வடமேற்குக் கரையோரமாகச் சுண்ணக்கற் படுகை பரந்துள்ளது. அதனூடே ஊறிவரும் நீர் கடினநீராகும். கற்பிட்டியின் மணல் நிலத்திலோ, நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். கேத்தலின் அடியில் வெண்படையாகப் படியும் அதே சுண்ணாம்பு றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும், நீரோட்டத்தையும் குறுக்கும். உப்போ உலோகத்தை அரிக்கும்.

எஞ்சின் கொதித்தால், முதலில் அதனை நிறுத்தி ஆறவிடுதல் வேண்டும். மூடியினுள்ளே நீர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால், அது 100 பாகை சென்ரிகிறேற்றைக் கடந்த பின்னும் கொதியாது நிற்கும். சூட்டோடு மூடியைத் திறந்தாலோ, அக்கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும். காய்ந்த எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங் கூடும்.

ஆறிய பின் ஆராய வேண்டியது, சூடு எப்பொழுது ஏறியது என்பதே. சந்தை நெரிசலில் மெல்லச் செல்லும்போது ஏறி, வெளிவீதியில் விரைந்ததும் தணியுமாயின், விசிறியையோ அதன் பட்டியையோ ஐயுற வேண்டும். மின்விசிறியுள்ள வண்டிகளில் அதன் மோட்டாரையும் இணைப்பையும் பார்த்தல் நன்று. விரைந்தோடும்போதே சூடு ஏறுமாயின், றேடியேற்றரின் அடைப்பு, நீரேற்றும் பம்பின் தளர்வு, தெர்மோஸ்டற் திறவாமை ஆகியன ஐயத்துக்குரியன. எஞ்சின் காய்ந்திருக்க மேற்குழாய் மட்டும் குளிர்ந்திருப்பின், தெர்மோஸ்டற் மூடியபடி சிக்கியிருக்கலாம். றேடியேற்றரின் ஒரு பகுதி சுட்டு மறுபகுதி குளிர்ந்திருப்பின், அவ்விடத்தில் அடைப்புண்டு.

நீர் நாடோறும் குறைந்தும் தரையில் ஒழுக்குக் காணப்படாவிடின், குழாய் மூட்டுகளில் உலர்ந்த வெண்கறை உண்டோவெனத் தேடுதல் வேண்டும். எண்ணெய் பாற்றேநீர் போலக் கலங்கியிருந்தாலோ, வெண்புகை ஓயாது வெளிவந்தாலோ, எஞ்சின் தலைப்பகுதியின் காஸ்கெற் பழுதடைந்திருத்தல் கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டாது இழுத்துச் செல்வதே தகும். சில மைல் தூர அவசரம் எஞ்சின் முழுவதையும் பாழாக்கிவிடும்.

வேறு வழியில்லாதபோது கிணற்று நீரை வார்ப்பது குற்றமன்று. ஆயினும் வீடு சேர்ந்தபின் அதனை வடித்துக் கழுவி, வண்டிக்குரிய குளிர்திரவத்தைக் காய்ச்சிவடித்த நீருடன் கலந்து நிரப்புதல் வேண்டும். வடிக்கப்படும் நீரில் துருவும் வெண்துகளும் மிகுந்திருப்பின், நோயின் காரணம் அவ்வாளியிலேயே தென்படும்.