பிள்ளை பிடிக்கிறவனை எங்கே தேடுகிறோம்?

2019 ஏப்ரலில் ஓர் ஒலிப்பதிவு தமிழகம் முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றியது. பிள்ளை வேண்டும் என்று கேட்ட ஒருவரிடம், நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை 2.70 லட்சம் ரூபாயில் தொடங்கும். ஆண் என்றால் கூடும். நிறமும் எடையும் பார்த்து இன்னும் கூடும். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாக 70,000. முப்பது வருடமாக இதைச் செய்வதாகவும் அந்தக் குரல் சொன்னது. அவர் கைதானார். அடுத்தடுத்த நாள்களில் கொல்லிமலை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வேறு செவிலியர்கள், தரகர்கள் எனப் பட்டியல் நீண்டு, வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. சுகாதாரத் துறைக் குழுக்கள் மலையேறின. பதிவேட்டில் பிறந்ததாக எழுதப்பட்ட பிள்ளை அந்தத் தாயின் வீட்டில் இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தன. குண்டனி நாடு உட்படப் பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலையைப் பற்றி அந்த வாரம் பேசாத தொலைக்காட்சி இல்லை. பேசியவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு கதையும் தயாராக இருந்தது: சிறுநீரகத்துக்காக, நரபலிக்காக, பிச்சை எடுக்க வைப்பதற்காக, வறுமையால் மலைமக்களே விற்பதனால். விசாரணை அதிகாரிகள் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டீக்கடைகள் தீர்ப்பையே எழுதி முடித்துவிட்டன.

பிள்ளை காணாமல்போனால் ஊர் கதை கட்டுவது இயல்பு. பயத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. நான் குறை சொல்வது கதை கட்டுவதை அல்ல, அதைக் கட்டும் வரிசையை. அமெச்சூர் துப்பறிவாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே 'எதற்காக?' என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அதற்கு மனதுக்கு வந்த மிகக் கொடூரமான பதிலை எடுத்துக்கொண்டு, அந்தப் பதிலுக்குப் பொருந்தும் முகத்தைத் தெருவில் தேடுகிறார்கள். கண்ணில் படுவது வெளியூர்க்காரர், வடமாநிலத் தொழிலாளி, மனநலம் குன்றி அலைபவர், கம்பளி விற்க வந்தவர். நல்ல புலனாய்வு இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அந்தப் பிள்ளையை யாரால் நெருங்க முடிந்தது, அதன் நேரங்கள் யாருக்குத் தெரியும், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று அது முதலில் கேட்கும். நோக்கம் பெரும்பாலும் கடைசியில்தான் தெரியவரும். தெரியவரும்போது எதிர்பார்த்ததைவிட அற்பமாக இருக்கும்.

சிறுநீரகக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஓடும் வண்டியில் பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சிறுநீரகத்தை எடுத்து விற்றுவிட முடியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரத்த வகை பொருந்த வேண்டும், திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும், பெறுபவர் தயாராகப் படுத்திருக்க வேண்டும், அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் வேண்டும். எடுத்த உறுப்பைக் குளிரில் வைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்குள் பொருத்தியாக வேண்டும். முறைகேடே நடக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. அது எப்படி நடக்கிறது என்பதற்கு இதே நாமக்கல் மாவட்டமே சாட்சி. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் அடைக்கச் சிறுநீரகம் விற்ற விவகாரம் வெடித்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமம் பறிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அதில் தூக்கிச்செல்லப்பட்ட பிள்ளை யாரும் இல்லை. கடன்பட்ட பெரியவர்கள், அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்த தரகர்கள், ஆவணங்கள், மருத்துவமனைகள். குழந்தை விற்பனை வழக்கின் சட்டகமும் இதுதான். இரண்டிலும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், காகிதம் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் சாக்குப்பையுடன் வந்த அந்நியன் இல்லை.

காரணத்தில் தொடங்கும் ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாகத் தமிழகத்தில் வாட்ஸப் செய்திகள் பறந்தன. நாட்டின் வேறு பகுதிகளில் அவற்றோடு ஒரு காணொளியும் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்குவது போன்ற காட்சி. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திரும்ப இறக்கிவிட்டு எச்சரிக்கைப் பலகை காட்டும் முடிவுப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். மே 9 அன்று சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், வழி கேட்பதற்காக நிறுத்தியது. அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அவர்களில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் அன்றே அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அந்தக் கூட்டத்தின் கண்ணால் ஒரு நிமிடம் பார்த்தால்தான் ஊகம் வேலை செய்யும் விதம் புரியும். கார் நின்றது ஒரு சான்று. வழி கேட்டது இன்னொரு சான்று, ஏனென்றால் ஊர்க்காரனுக்கு வழி தெரியும். சாக்லேட் அசைக்க முடியாத சான்று. விசாரித்தபோது தடுமாறினால் குற்றவாளி, தெளிவாகப் பேசினால் கைதேர்ந்த குற்றவாளி. கதையை முதலில் வைத்துக்கொண்டால் அதைப் பொய்யாக்கும் செயல் என்று உலகத்தில் எதுவுமே மிஞ்சாது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து நாடோடிகள் இதே வதந்தியால் கொல்லப்பட்ட பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இது படிக்காதவர்களின் நோய் என்று நினைக்க வேண்டாம். 2007 மே மாதம் போர்ச்சுகலில் விடுமுறைக்குப் போன பிரிட்டிஷ் சிறுமி காணாமல்போனபோது, பக்கத்தில் குடியிருந்த ஒருவர் போலீஸாருக்கு மொழிபெயர்ப்பாளராக உதவ வந்தார். இவ்வளவு ஆர்வமாக உதவுகிறாரே என்பதே அவர்மேல் சந்தேகமாக மாறியது. இல்லாததை எழுதியதற்காக 2008-இல் பிரிட்டிஷ் நாளிதழ்கள் அவருக்கு 6 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்தன. போளூரில் சாக்லேட் செய்ததை அங்கே உதவி செய்தது.

மாறாக, துலங்கிய வழக்குகளைப் பாருங்கள். 2010 அக்டோபர் 29 அன்று கோவையில் பள்ளிக்குப் புறப்பட்ட அக்காளும் தம்பியும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வண்டி ஓட்டி வந்தவர் அவர்களை முன்பு பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநர்; தெரிந்த முகம் என்பதால்தான் ஏறினார்கள். (அவர் சில நாளிலேயே போலீஸ் என்கவுன்டரில் சுடப்பட்டார். ஊர் பட்டாசு வெடித்தது. அவர் தரப்பு எதுவும் நீதிமன்றத்தில் பதிவாகாமலேயே போனது.) 2023 நவம்பர் 27 அன்று கேரளத்தின் கொல்லம் மாவட்டம் ஓயூரில், அண்ணனுடன் டியூஷனுக்கு நடந்துபோன ஆறு வயதுச் சிறுமியை வெள்ளைக் காரில் வந்தவர்கள் தூக்கிச் சென்றார்கள். அடுத்த நாள் பகலில் கொல்லம் ஆசிரமம் மைதானத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடைப்பட்ட நேரத்திலும் அதன் பிறகும் மலையாள ஊடகங்கள் தந்தையைச் சுற்றியே வட்டமடித்தன: அவருடைய செவிலியர் வேலை, அவர் சார்ந்த சங்கம், ஏதோ பழைய பணத் தகராறு. மகளைத் தொலைத்தவர் தன் கணக்குவழக்குகளுக்கு ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் நிலை. டிசம்பர் 1 அன்று தென்காசி மாவட்டம் புளியறையில் பிடிபட்டவர்கள் ஒரு கணவன், மனைவி, யூடியூப் நடத்திய அவர்களுடைய மகள். போலீஸ் சொன்ன காரணம் கழுத்தை நெரித்த கடன். சிறுமியின் தந்தைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த நோக்கத்தை எந்த விவாத மேடையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. கடன் என்பது பாதித் தெருவுக்கு இருக்கிறது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: ஓயூரில் மக்கள் உதவவில்லையா? ராசிபுரம் வழக்கே பொதுவில் வந்த ஓர் ஒலிப்பதிவால்தானே பிறந்தது? உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்தது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மைதானத்தில் சிறுமியைக் கவனித்தவர்கள் கல்லூரி மாணவிகள். அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். கடத்தியவர்களின் உருவப்படத்தை ஓர் ஓவியர் தம்பதி வரைந்தது, சிறுமியின் நினைவிலிருந்து. ராசிபுரத்தில் கிடைத்தது ஒரு குரலும் ஒரு விலையும். இவை எல்லாமே கவனிப்புகள். ஒன்றுகூட ஊகம் இல்லை. ஒரு வாகன எண்ணும் அதைப் பார்த்த நேரமும் ஆயிரம் கருத்துகளைவிட மேலானவை. இன்னொன்றும் உண்டு. குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்களைப் போலீஸ் வேண்டுமென்றே வெளியிடாமல் வைத்திருக்கும். பின்னால் ஒருவர் சொல்வது உண்மையா என்று உரசிப்பார்க்க உதவும் உரைகல் அது. ஊகக்காரர்கள் எல்லா விவரத்தையும் இழுத்துத் தெருவில் போட்டால், தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவனையும் உண்மையான சாட்சியையும் பிரிக்க வழி இருக்காது.

கனமான எதிர்வாதம் வேறொன்று. போலீஸ் தேடாதபோது மக்கள் யோசிக்காமல் என்ன செய்வார்கள்? நொய்டாவின் நிதாரியில் 2005, 2006-இல் ஏழைப் பிள்ளைகள் வரிசையாகக் காணாமல்போனார்கள். பெற்றோர் புகாரை எடுத்துக்கொண்டு நடையாய் நடந்தார்கள். ஓடிப்போயிருக்கும் என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பக்கம்தான் மறைகிறார்கள் என்று அந்த ஊர் மக்கள் சொன்னது சரியாக இருந்தது. இந்த அலட்சியத்தை எந்த வாதத்தாலும் பூசி மெழுக முடியாது. காணாமல்போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாருக்கும் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட வேண்டியிருந்ததே இதற்குச் சான்று. ஆனாலும் நிதாரியை முழுதாகப் படித்தால் என் வாதம் வலுப்படவே செய்கிறது. மக்கள் சரியாகச் சொன்னது இடத்தை, அது கவனிப்பு. அதற்குப் பிறகு வந்த நரமாமிசக் கதைகளைப் புலனாய்வு அமைப்புகளே கையில் எடுத்துக்கொண்டன. வீட்டு வேலைக்காரரின் ஒப்புதல் வாக்குமூலத்தின்மேல் மரண தண்டனைகள் கட்டப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரையும் வீட்டு உரிமையாளரையும் விடுவித்தது. 2025 நவம்பரில் எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வேலைக்காரரை விடுவித்தது. உறுப்பு வணிகக் கோணத்தைச் சரியாக விசாரிக்காமல், எளிதில் அகப்பட்ட ஏழையின்மேல் பழி போட்டதாக உயர் நீதிமன்றம் கண்டித்ததையும் மறைக்கக் கூடாது. சிறுநீரகக் கதையை மேலே நான் மறுத்தேன். ஆனால் மருத்துவ வசதி கைக்கெட்டும் இடம் என்றால் அதையும் விசாரித்து விலக்கியிருக்க வேண்டும். சரிபார்க்கப்படாத ஒரே கதையைப் பிடித்துக்கொண்டால் காக்கிச் சட்டைக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் வித்தியாசம் இல்லை. இழப்பும் ஒன்றுதான்: பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்பதற்குச் சட்டத்தின் கையில் பதில் இல்லை.

சந்தேகப்பட்டு ஏமாறுவது, நம்பி ஏமாறுவதைவிட மேல் என்றும் சொல்வார்கள். செலவே இல்லாத சந்தேகம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நாள்தோறும் அந்நியர்கள் வருகிறார்கள்: மிளகுக்கும் அன்னாசிக்கும் வியாபாரிகள், ஆகாயகங்கைக்குக் குளிக்கப் போகிறவர்கள், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்தர்கள், ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் கூட்டமாக. அந்நியன் என்பதே அடையாளம் என்றால் மலை முழுக்கச் சந்தேகப் பட்டியல்தான். அந்தப் பட்டியலில் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் செவிலியரும் மட்டும் இருக்க மாட்டார்கள். பிரசவ வலி எடுத்ததும் முதலில் கூப்பிடப்படுகிறவர்கள் அவர்கள். எந்த வீட்டில் மூன்றாவதும் பெண், எந்தத் தாய் தனியாக நிற்கிறாள், எங்கே கடன் என்று அறிந்தவர்களும் அவர்களே. பெரும்பாலோர் அந்த அறிவை உயிர் காக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாய்ப்பு அங்கேதான் இருந்தது. மலைமக்களே விற்கிறார்கள் என்ற ஊகமும் இந்தச் சங்கிலியைக் காண விடாது. அது பேரத்தின் பலவீனமான முனையை மட்டும் காட்டிவிட்டு, தரகரையும் சான்றிதழ் கொடுத்த கையையும் லட்சங்களோடு காத்திருந்த வாங்குபவரையும் இருட்டில் விடுகிறது.

சட்டம் அந்த மூவரையும் நன்றாகவே பார்க்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. செய்தவர் மருத்துவமனை ஊழியர் என்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. வளர்க்க முடியாத தாய் குழந்தை நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே பக்கத்துச் சேலம் மாவட்டத்தில். 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் ஒரு தம்பதி, தங்களுக்குப் பிறந்த மூன்றாவது பெண் குழந்தையைச் சிலர் விலைக்குக் கேட்டார்கள் என்று புகார் கொடுத்தார்கள். புகாரில் சிறுநீரகமும் இல்லை, நரபலியும் இல்லை. கேட்டது யார், சொன்ன தொகை எவ்வளவு என்பது இருந்தது. அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவரும் பெண் தரகர் ஒருவரும் கைதானார்கள்.