வீட்டில் ஒரு கருவிப் பெட்டி



மைசூரு நகரின் வடமேற்கே ஹெப்பாள் என்னும் பகுதி இருக்கிறது. ஏரியொன்றை அண்டிய இவ்விடம் இன்று தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனமும் நிறைந்த தொழிற்பேட்டையாக விளங்குகிறது. பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுட் சிலரிடம் சிறிய கார் ஒன்றும் உண்டு. பண்டிகை நெருங்கியதும் அந்தக் கார் தெற்கு நோக்கித் திரும்பும். சாமராஜநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி, சத்தியமங்கலம் வழியாகக் கோவையை அடையச் சுமார் 200 கிலோமீட்டர். உதகைக்குச் செல்வோர் பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே செல்வர். பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. திம்பத்திலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வழியில் ஒரு மணி நேரம் தாமதித்தால், அன்றைய பயணமே தடைபடக் கூடும்.

எனக்கே அப்படி ஒரு மாலை வாய்த்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில், சாமராஜநகருக்கு அப்பால் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரம் இருந்தது, ஜாக்கி இருந்தது, வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரும் இருந்தது. ஆனால் நட்டு அசையவில்லை. சில நாள்களுக்கு முன் டயர் மாற்றிய கடையில் காற்று விசையால் இயங்கும் பொறியைக் கொண்டு அதை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். காரினுள் வயதான அன்னையார். வெளியே மங்கும் வெளிச்சம். இறுதியில் அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தம்மிடமிருந்த நீண்ட இரும்புக் குழாயை ஸ்பேனரின் பிடியில் செருகி அழுத்த, நட்டு முனகிக்கொண்டே சுழன்றது. அன்று எனக்கு வலிமை குறைவில்லை. பிடியின் நீளந்தான் குறைவு.

இதன் கணக்கு எளியது. சிறு கார்களின் சக்கர நட்டுகளை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவது வழக்கம். உங்கள் வண்டிக்குரிய சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியால் அவ்வளவு முறுக்கு விசை தர, சுமார் 40 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் வேண்டும். பிடியை 50 சென்டிமீட்டராக்கினால் 20 கிலோ போதும். மிகையாக முறுக்கப்பட்ட நட்டுக்கோ இன்னும் கூடுதலாக வேண்டும். ஆதலின் கருவிப் பெட்டிக்கு முதலில் வாங்க வேண்டியது, உங்கள் சக்கர நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நீண்ட பிடியுள்ள வீல் ஸ்பேனர். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட வேண்டும். பின்னரே ஜாக்கியை உயர்த்த வேண்டும். தூக்கிய பின் தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும்.

கருவி சேர்ப்பது என்றவுடன், நூற்றெட்டு உருப்படிகள் அடங்கிய பளபளப்பான பெட்டியை விலைக்கு வாங்கவே பலர் விரைகின்றனர். அது தேவையன்று. அதில் பாதியைத் தொடவே நேராது. வேண்டிய ஒன்று அதில் இராது. செய்யத் தெரிந்த வேலைக்கே கருவி வாங்க வேண்டும். ஒரு வேலையைக் கற்றபின் அடுத்த கருவி. பொறியியல் மேதை ஜி. டி. நாயுடு கற்ற முறையும் இதுவே. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்த அவர், உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். தம் கையாலேயே பிரித்துப் பூட்டிப் பழகினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவரும் அவரே. மைசூரிலும் இதற்குச் சான்று உண்டு. 1961-இல் இந்நகரில் தொடங்கிய ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. எனினும் அங்கே பிறந்த வண்டிகள் இன்றும் இந்நகர்த் தெருக்களில் ஓடுகின்றன. தொழிற்சாலை மறைந்த பின்னும் அவற்றை வாழவைத்தவை, உரிமையாளர்களின் பொறுமையும் கருவிப் பெட்டிகளுமே.

இனி, ஸ்பேனர்களைப் பற்றிச் சிறிது அறிவோம். ஸ்பேனரில் பொறித்துள்ள எண், மரையாணித் தண்டின் பருமன் அன்று. அதன் தலையில் எதிரெதிரான இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம். தண்டு 6 மில்லிமீட்டர் பருமனாயின் பெரும்பாலும் 10 எண் ஸ்பேனர் பொருந்தும். 8 மில்லிமீட்டர்த் தண்டுக்கு ஜப்பானிய வழி வந்த கார்களில் 12 எண்ணும், ஐரோப்பிய வழி வந்தவற்றில் 13 எண்ணும் வேண்டும். தண்டு 10 மில்லிமீட்டராயின், முன்னதில் 14. பின்னதில் 16 அல்லது 17. ஆகவே வாங்குமுன் உங்கள் வண்டியில் எவ்வெண்கள் வருகின்றன என்று ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு ஸ்பேனர்களில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

தாத்தா வைத்துச் சென்ற பழைய பெட்டி உங்கள் வீட்டில் இருக்கலாம். அதைப் போற்றுங்கள், ஆனால் எண்ணைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் ஆங்கில வடிவமைப்பில் பிறந்த அம்பாசடர் போன்ற கார்களில் அங்குல அளவு மரையாணிகள் நெடுங்காலம் இருந்தன. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அரை அங்குல ஸ்பேனர் 13 மில்லிமீட்டர்த் தலையில் ஏறாது. 13 எண் ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் ஏறும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தலைமயிரின் பருமனைவிடச் சில மடங்கே மிகுந்த அந்த இடைவெளிதான், வலுவாகத் திருகும்போது மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய தலையை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. முக்கால் அங்குலமோ 19.05 மில்லிமீட்டர், 19 எண்ணோடு ஏறக்குறைய ஒத்துவிடும். "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்னும் சொல்லை இத்தொழிலில் எப்போதும் ஐயுறவேண்டும்.

இடம் இருக்கும்போதெல்லாம் ரிங் ஸ்பேனரையே எடுங்கள். அது தலையின் ஆறு மூலைகளையும் சுற்றிப் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பேனர் எதிரெதிரான இரு பக்கங்களை மட்டுமே பற்றும். இயன்றவரை ஸ்பேனரைத் தன்பக்கம் இழுக்க வேண்டும்; தள்ளலாகாது. தள்ளும்போது நட்டு சட்டென விடுபட்டால் முட்டி இரும்பில் மோதும். இவற்றோடு, தட்டை வாய்த் திருப்புளி ஒன்று, கூட்டல் குறித் திருப்புளி ஒன்று, குறடு ஒன்று, சிறு சுத்தியல் ஒன்று, நல்ல கை விளக்கு ஒன்று ஆகியவை இருந்தால் பெட்டியின் முதல் தட்டு நிறைந்துவிடும்.

இரண்டாவது தட்டில் அளக்கும் கருவிகள் இருக்கட்டும். டயரின் காற்றழுத்தம் பார்க்கும் அளவி முதலாவது. மலைப்பாதையில் வண்டி உங்கள் சொல் கேட்பது அந்த அழுத்தத்தைப் பொறுத்தது. மல்டிமீட்டர் இரண்டாவது. என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, மின்கலத்தின் இரு முனைகளிலும் அதை வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டினால் மின்கலம் நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டை நெருங்கினால் பெரிதும் தளர்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அவ்வாறு உயரவில்லையெனில் மின்னேற்றும் பகுதியைப் பட்டறையில் காட்டுவது நலம். பயணத்துக்கு முந்தின இரவு இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் மூன்றாவது. டயர் மாற்றி வந்தவுடன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, கையேட்டு அளவுக்கு மீண்டும் முறுக்கி வைத்தால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்காக மட்டுமே. அதை நம்பி வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கியின் உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் போதும், சுமை இறங்கிவிடும். கீழே இருப்பவருக்கு விலக நேரம் இராது. அடியில் வேலை செய்தே ஆக வேண்டுமெனில், வண்டியின் எடைக்கேற்ற இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டைக் கையேடு காட்டும் இடங்களில் நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை அமர்த்துங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள். அது திடீரென நொறுங்கும். மழையில் நனைந்த மண்ணில் ஜாக்கி புதையுமாதலால் தடித்த பலகை ஒன்று காரிலேயே கிடக்கட்டும். பெட்டிக்கென ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு இந்த ஸ்டாண்டுகளுக்கும் கட்டைகளுக்குமே உரியது.

எவ்வேலையைத் தொடலாகாது என்பதை அறிவதும் திறமையே. பிரேக், ஸ்டியரிங், எரிபொருள்க் குழாய்கள், காற்றுப்பை, மின்கார்களில் உள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஆகியவை பயின்றவர்களுக்கு உரியவை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். என்ஜின் எண்ணெயை வீட்டிலேயே மாற்றுவோர், கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். சாக்கடை நீர் ஏரியை நாடும். ஹெப்பாள் ஏரிக்கும் அந்தக் கதி நேர வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.

செலவை எண்ணித் தயங்குவோருக்கு ஒரு யோசனை. அன்றாடக் கருவிகளை ஒவ்வொருவரும் வைத்திருக்கட்டும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டுமே வேண்டிய டார்க் ரெஞ்சையும் ஸ்டாண்டுகளையும் ஒரே வளாகத்தில் குடியிருக்கும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடு பேச்சுத் தொடங்குவதற்கும் இது நல்ல வாயில். ஸ்பேனரும் ஜாக்கியும் இரு மொழிக்கும் பொதுச் சொற்களே அல்லவா? பெட்டியின் மூடியின் உட்புறத்தில் உருப்படிகளின் பட்டியலை ஒட்டிவையுங்கள். இரவல் போனது திரும்பியதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைத்தால் மழைக்காலத்தில் துருப்பிடிக்காது.

மைசூரில் வாழ்வோருக்கு இவற்றை நினைவூட்ட ஒரு நாள் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. தசராவின்போது வரும் ஆயுத பூசையன்று ஊரெங்கும் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். வரும் ஆண்டு பொட்டு வைக்குமுன் ஒவ்வொரு கருவியையும் கையிலெடுத்துப் பாருங்கள். வாய் அகன்ற ஸ்பேனரை விலக்குங்கள். ஜாக்கியை ஏற்றி இறக்கிச் சோதியுங்கள். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தீபாவளிக்கு ஊர் போகும் பாதையில் மாலை மங்கும் வேளை சக்கரம் ஒன்று சோர்ந்தாலும், அரை மணிக்குள் நீங்கள் மீண்டும் புறப்பட்டுவிடுவீர்கள். ஊரில் வாசற்படியில் காத்திருப்பவருக்கு அதனினும் நல்ல செய்தி வேறில்லை.