இரண்டு ஆண்டுப் பரிசு: மூத்த போலீசாரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினால் நகரத்துக்கு என்ன மிஞ்சும்?

அமெரிக்காவில் ஒரு நகரத்துக்குப் பணமுடை வந்தால், சம்பளப் பட்டியலில் முதலில் கண் போவது மூத்த போலீஸ் அதிகாரிகள் மேல்தான். நம்மூரில் போலீஸ் மாநில அரசின் துறை. அங்கே பெரும்பாலும் அந்தந்த நகரமே தன் போலீசுக்குச் சம்பளம் கொடுக்கிறது. நூலகம், பூங்கா, சாலைப் பள்ளம் எல்லாவற்றுக்கும் பணம் வரும் அதே வரியிலிருந்துதான் இதுவும் வரவேண்டும். அதனால், இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்த ஒரு சார்ஜெண்டிடம், "கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம், இப்போதே ஓய்வு பெற்றுக்கொள்கிறீர்களா?" என்று நகரம் கேட்கிறது. நம் வங்கிகளில் வி.ஆர்.எஸ். என்று பழகிய ஏற்பாடுதான்.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டத்திலேயே ஒரு வடிவம் உண்டு. பேச்சுவழக்கில் 'கோல்டன் ஹேண்ட்ஷேக்' என்பார்கள். கையில் ரொக்கம் எதுவும் தருவதில்லை. வேலை பார்க்காத இரண்டு ஆண்டுகளைப் பணிக்காலத்தோடு சேர்த்து எழுதிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான். கேட்க அற்பமாகத் தோன்றும். அதன் மதிப்பு தெரிய, அங்கே போலீஸ் ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

1999இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நெடுஞ்சாலை போலீசார் ஐம்பது வயதிலேயே ஓய்வு பெறலாம்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 3 சதவீதம் ஓய்வூதியம். பங்குச்சந்தை உச்சத்தில் இருந்த நேரம் அது. ஓய்வூதிய நிதியை நடத்தும் கால்பெர்ஸ், கூடுதல் செலவு வராது என்று நம்பிக்கை சொன்னது. ஆளைப் பக்கத்து ஊர் இழுத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சலுகையைத் தங்கள் போலீசுக்கும் கொடுத்தன. பிறகு சந்தை விழுந்தது, 2008இல் மறுபடி விழுந்தது. வாக்குறுதி மட்டும் அப்படியே நின்றது.

ஒரு கற்பனைக் கணக்கு. வயது 51, பணி 25 ஆண்டு, ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். மூன்றை இருபத்தைந்தால் பெருக்கினால் 75 சதவீதம். ஓய்வூதியம் ஆண்டுக்கு 90,000 டாலர். இரண்டு ஆண்டைச் சேர்த்தால் 81 சதவீதம், 97,200 டாலர். ஆண்டுக்கு 7,200 டாலர் கூடுதல், ஆயுள் முழுக்க. அவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகிவிடும். விலைவாசிக்காக வருடாவருடம் ஏற்றுவதை இதில் நான் சேர்க்கவில்லை.

பெரிய இடி இந்த 7,200 அல்ல. 56 வயதில் போகவேண்டியவர் 51இல் போனால், ஓய்வூதியம் ஐந்து ஆண்டு முன்பே தொடங்குகிறது. அந்த ஐந்து ஆண்டுக்கு அவரும் நகரமும் நிதியில் கட்டியிருக்கவேண்டிய சந்தாவும் நின்றுபோகிறது. அவர் குறைந்த விகிதத்தில் போகிறார் என்பது ஓரளவு ஈடுகட்டும், உண்மைதான். ஆனால் பலர் ஒரே சமயத்தில், யாரும் எதிர்பாராத வயதில் போனால் நிதியில் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைக் கால்பெர்ஸ் பின்வரும் ஆண்டுகளில் தவணை தவணையாக நகரத்திடமே வசூலிக்கும். சம்பளம் மிச்சமானது இந்த ஆண்டு பட்ஜெட்டில், மேயரின் அறிக்கையில் தெரியும். தவணை வரும்போது நாற்காலியில் வேறொரு மேயர் இருப்பார்.

இந்தச் சலுகையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓய்வூதியம் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. முப்பது ஆண்டு முடித்தவர் ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டுவிட்டவர். அவருக்கு இந்த இரண்டு ஆண்டால் நயாபைசா லாபமில்லை. ஆசை காட்டுவது 25, 28 ஆண்டு முடித்தவர்களுக்குத்தான். அதாவது, இன்னும் சில ஆண்டுகள் வழக்குகளைக் கையில் வைத்து நடத்தக்கூடிய புலனாய்வாளர்களுக்கு.

சட்டம் ஒரு நிபந்தனையும் வைக்கிறது: இப்படிக் காலியாகும் இடத்தை, அல்லது அதற்கு ஈடாகத் துறையில் ஓர் இடத்தையாவது, நகரம் நிரந்தரமாக நிரப்பாமல் விடவேண்டும். அலுவலக மேசை என்றால் விட்டுவிடலாம். ரோந்துக் கார் அப்படியில்லை. இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் யாராவது போயாகவேண்டும். போகிறவருக்கு ஓவர்டைம், ஒன்றரை மடங்கு கூலி. புது ஆளை எடுக்கலாம் என்றாலும் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம், பிறகு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவதற்குச் சில மாதங்கள். பழக்குகிற அந்த மூத்தவரைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

கடைசி நாளில் இன்னொரு பில் வரும். எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புக்கு, கடைசிச் சம்பள விகிதத்தில் ரொக்கம். வலேஹோ நகரத்தை உலுக்கியது இதுதான். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள இந்த ஊரில் மேர் ஐலண்ட் கடற்படைக் கப்பல் தளம் 1996இல் மூடப்பட்டது, வருமானம் குறைந்தது. பொது நிதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு போலீசுக்கும் தீயணைப்புக்கும் போய்க்கொண்டிருந்தது. 2008 தொடக்கத்தில் நகரம் திவாலாகலாம் என்ற பேச்சு கிளம்பியதும், சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களோ என்று மூத்தவர்கள் பலர் கொத்தாக ஓய்வு கேட்டார்கள். யாரும் சலுகை காட்டவில்லை, பயமே போதுமாயிருந்தது. விடுப்புப் பணம் மட்டும் மில்லியன் கணக்கில் போயிற்று. அந்த மே மாதமே நகரம் திவால் மனு போட்டது. வெளியே வந்தது 2011இல். போலீஸ் படை வெகுவாக மெலிந்துபோயிருந்தது. வாக்களித்த ஓய்வூதியத்தை மட்டும் குறைக்கவில்லை.

இதே மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நேரெதிராகச் செய்தது. அனுபவசாலிகள் போகாமலிருக்கவேண்டும் என்று 2002இல் 'டிராப்' திட்டத்தைத் தொடங்கியது. ஐம்பது வயதும் 25 ஆண்டுப் பணியும் முடித்தவர் ஐந்து ஆண்டு வரை வேலையில் இருந்தே சம்பளம் வாங்கலாம்; ஓய்வூதியமும் 5 சதவீத வட்டியோடு தனிக் கணக்கில் சேரும். 2018இல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் தோண்டியபோது, சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இடையில் காய விடுப்பில் போயிருந்தது தெரியவந்தது. பிறகுதான், மாதம் 112 மணி நேரமாவது பணியில் இருந்தால்தான் அந்த மாத ஓய்வூதியம் கணக்கில் சேரும் என்று 2019இல் விதி வந்தது. போவதற்கும் காசு, இருப்பதற்கும் காசு என்றால், பேரம் எப்போதும் அதிகாரியின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். அவர்மேல் குற்றமில்லை, எழுதிக்கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்.

இதை மாற்ற 2013 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சூத்திரத்தைக் குறைத்தார்கள்: பெரும்பாலான ஊர்களில் 57 வயதில் ஆண்டுக்கு 2.7 சதவீதம். ஐம்பதிலேயே போனால் 2 சதவீதம்தான். பழையவர்களுக்குப் பழைய சூத்திரமே தொடர்கிறது. 2012இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்த ஒருவர் ஐம்பதைத் தொடுவது 2037இல். அதுவரை ஒவ்வொரு பட்ஜெட் நெருக்கடியிலும் நகரங்கள் இந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டுதான் பேரம் பேசவேண்டியிருக்கும்.