பழத்தின் சிவப்பில் இருப்பது என்ன?

பிள்ளைக்கு ஸ்ட்ரோபெரி வாங்கப் போகிறீர்கள். கடையில் இரண்டு பெட்டிகள். ஒன்று சாதாரணமானது. மற்றது செயற்கை இரசாயனப் பசளையின்றி, சேதன முறையில் விளைந்தது, விலையும் கூட. எதை எடுப்பீர்கள்?

முதலில் பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்ட்ரோபெரிக்குச் சிவப்பையும் நாவற்பழத்துக்குக் கருநீலத்தையும் கொடுப்பவை அந்தோசயனின் எனும் நிறப்பொருட்கள். நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கே இதற்குச் சாட்சி! இவை பீனோல் சேர்வைகள் என்ற பெருங் கூட்டத்தைச் சேர்ந்தவை. இக்கூட்டத்தில் பலவற்றைச் செடி உண்டாக்குவது நமக்காக அல்ல. பூச்சி, பங்கசு, கடும் வெயில் ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான். பூச்சிநாசினியின் துணை குறைந்தால் செடி தன் காவலைத் தானே பலப்படுத்துகிறது என்பது விஞ்ஞானிகள் தரும் ஒரு விளக்கம். நைதரசன் பசளை அளவுக்கு மிஞ்சினால் செடி வளர்ச்சியிலேயே கவனம் செலுத்தி, இச்சேர்வைகளைக் குறைத்துவிடுகிறது என்பது மற்றொன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 சோடித் தோட்டங்களின் ஸ்ட்ரோபெரிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2010இல் வெளியானது. சேதனப் பழங்களில் பீனோல் சேர்வைகளும் விற்றமின் சீயும் சுமார் 10 வீதம் கூடுதலாக இருந்தன. ஆனால் பழங்கள் சற்றுச் சிறியவை. பொட்டாசியமும் பொசுபரசும் அவற்றில் குறைவு.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர், சேதன உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றனர். 343 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு அறிக்கையோ இச்சேர்வைகள் அதிகம் என்றது. பூச்சிநாசினி எச்சம் சேதன உணவில் குறைவு என்பதில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர்.

எனவே, வசதியிருந்தால் சேதனப் பழத்தை வாங்குங்கள். இல்லையா? கவலை வேண்டாம். 10 வீத வித்தியாசத்தை ஒரு கைப்பிடிப் பழம் கூடுதலாகக் கொடுத்தே ஈடுசெய்யலாம். விலைக்குப் பயந்து பழமே கொடுக்காதிருப்பதுதான் உண்மையான நட்டம்.

பழத்தை உண்பதற்குச் சற்று முன்னர், காம்பை அகற்றாமல் ஓடும் நீரில் கழுவுங்கள். முன்கூட்டியே கழுவி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சவர்க்காரம் வேண்டாம். ஜாமாகக் காய்ச்சினால் விற்றமின் சீயும் அந்தோசயனினும் குறைந்துவிடும், சீனியோ கூடிவிடும். கழுவிய பழத்தை அப்படியே பிள்ளையின் கையில் கொடுங்கள்.